கிட்டங்கிக்குப் போனவர்

கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து ஒரு மனுஷன் பாயைச் சுருட்டிக்கொண்டு வத்தல் மூட்டைகளோடு படுக்கப் போனால் பெண்டாட்டி என்ன நினைப்பாள்? நானும் அதையேதான் நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் சண்முகவேலுக்கு அருப்புக்கோட்டை பஜாரில் மிளகாய் வத்தல், மல்லி மொத்த வியாபாரம். கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கிற கிட்டங்கி. மூட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். உள்ளே போனால் தும்மாமல் வெளியே வர முடியாது. எங்கள் ஒரே மகள் சரஸ்வதியைச் சாத்தூரில் கட்டிக் கொடுத்து, சம்பந்தி வீட்டுப் பலகாரம்கூடத் தீரவில்லை, மூட்டையை எலி அரிக்கிறது, ராத்திரிக்கு ஆள் வேண்டும் என்று ஆரம்பித்தார். பூனை வளர்க்கலாமே என்றேன். பூனையை நம்ப முடியாது என்றார். சோலையைப் படுக்கச் சொல்லுங்கள் என்றேன். மூட்டை தூக்கும் சோலை எங்களிடம் பத்து வருஷமாக இருக்கிறவன். அவனையும் நம்ப முடியாது என்றார். உலகத்தில் நம்பிக்கையான ஆள் இவர் ஒருத்தர்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் படுக்கை மட்டும்தான் போனது. பிறகு சாப்பாடும் போனது. சோலை வந்து தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போவான். திரும்பி வரும் வாளி கழுவித் துடைத்து வரும். கல்யாணம் ஆன நாளிலிருந்து தின்ற தட்டை நகர்த்தி வைக்காத மனுஷன் வாளியைக் கழுவுகிறாரா? மூடியைத் திறந்து முகர்ந்தால் மருந்து சோப்பு வாசனை அடித்தது. எங்கள் வீட்டில் அந்த சோப்பு கிடையாது. சரி, இது வேறொருத்தி கை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

வாராவாரம் கொள்முதலுக்கு வீரசோழன், நரிக்குடி என்று பஸ் ஏறிப் போவார். வீரசோழனில் அவருக்குத் தெரிந்த வியாபாரிகள் எல்லாரும் என் அண்ணனுக்கும் தெரிந்தவர்கள். அங்கே ஒன்றும் நடக்க முடியாது. ஆகவே நரிக்குடி. அந்த ஊரில் ஒருத்தியை நானே உண்டாக்கினேன். நல்ல நிறம், எடுப்பான மூக்கு, புருஷன் இல்லாதவள், சமையல் மட்டும் வராது. சமையல் வந்திருந்தால் என் வாளி எதற்கு? பேச ஆளில்லாத வீட்டில் அவளோடுதான் பகலெல்லாம் வாய்விட்டுச் சண்டை போட்டேன். சில நாள் அவள் ஜெயித்தாள்.

கேட்டிருக்கலாமே என்று சொல்வீர்கள். கேட்டிருக்கலாம். கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் நான் எங்கே போவது? அண்ணன் வீட்டுக்கா, மருமகன் வீட்டுக்கா? கேட்காத வரைக்கும் அவர் எலி பிடிக்கப் போனவர். கேட்டுவிட்டால் என்னை விட்டுப் போனவர். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நாளுக்கு ஒரு தரம் காலையில் வீட்டுக்கு வந்து வாசல் பக்கமாகவே உட்காருவார். ஒரு செம்புத் தண்ணீர் கேட்பார். குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்பார். அந்தச் செம்பையும் அவரே விளக்கிக் கவிழ்த்துவிட்டுப் போவார். ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். சட்டை தோளில் நிற்கவில்லை. நரிக்குடிக்காரிக்குச் சமைக்கத் தெரியாது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி என்று வைத்துக்கொண்டேன். ஒருநாள் காப்பியை அவர் கையில் கொடுக்கப் போனேன். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, "கீழ வையி" என்றார். தரையில் வைத்தேன். நான் உள்ளே போன பிறகுதான் எடுத்தார். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. இந்த ஆள் செத்துப் போனாலும் இனி எனக்கு அழுகை வராது என்று நினைத்தேன். நினைத்தது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

இப்படியே இரண்டு வருஷம் போனது. எழுபத்தொன்றாம் வருஷத்துப் பொங்கல். சரஸ்வதி மாசமாக இருந்ததால் வரவில்லை. ஊர் உலகத்துக்காக அவர் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். வாசலிலிருந்து கூடம் வரைக்கும் அரிசி மாவு நனைத்துக் கோலம் போட்டிருந்தேன். யாருக்காகப் போட்டேன் என்று கேட்காதீர்கள். அவர் அதன் ஓரமாக நடந்து வந்து தூண் பக்கம் நின்றார். இலை போடத் திரும்பிய நான் தரையைப் பார்த்தேன். வெள்ளைக் கோலத்தின் ஓரத்தில் அடிக்கு அடி சிவப்பு.

"ஏங்க, கால்ல என்ன?"

"எங்க?"

"ரத்தமுங்க!"

அவர் குனிந்து பாதத்தைத் திருப்பினார். குதிகாலின் பக்கவாட்டில் சாக்குத் தைக்கிற கோணி ஊசி ஒடிந்து நின்றது. வெளியே விரல்கடை நீளம் துருத்திக்கொண்டிருந்தது. அதோடுதான் பஜாரிலிருந்து வீடு வரைக்கும் நடந்து வந்திருக்கிறார். நொண்டவும் இல்லை. ஊசியைப் பார்த்ததும் அவர் முகத்தில் வலி வரவில்லை. பயம் வந்தது. நான் ஓடிப் போய்க் காலைப் பிடிக்கக் குனிந்தேன்.

"தொடாத! தள்ளிப் போ!" என்று கத்தினார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ, இரண்டு வருஷமும் ஒன்றாக வந்தது. "நான் தொட்டா ஆகாது, நரிக்குடிக்காரி தொட்டா ஆகுமோ? அவ வந்து பிடுங்கட்டும், போங்க!"

அவர் ஊசியைத் தானே பிடுங்கினார். முருங்கைக்காயை மரத்திலிருந்து ஒடிப்பதுபோல, ஒரு முனகல் இல்லை. பிறகு வாசற்படியில் உட்கார்ந்தார். தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நரிக்குடியில யாரும் இல்ல சௌந்தரம். எனக்குப் பெருவியாதி."

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். ஒருத்தியும் இல்லை! அந்த மூக்கும் முழியும் ஒன்றுமே இல்லை! அப்புறம்தான் அந்த வார்த்தை காதில் போய் உட்கார்ந்தது. பெருவியாதி என்றால் குஷ்டம். எங்கள் பக்கத்தில் அதை முழுசாகச் சொல்லக்கூட மாட்டார்கள். வந்தவர்களைக் கண்மாய்க்கரைக் குடிசையில் தனியாக வைத்த கதைகள் எனக்கும் தெரியும்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லணுமா? ரெண்டு காலும் செத்துப் போச்சு. சரசு கல்யாணத்தப்பவே கால்ல செருப்பு இருக்கா கழண்டு போச்சான்னு குனிஞ்சு பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். இப்பத் தீயில வச்சாலும் தெரியாது."

டாக்டரிடம் போகலாம் என்றேன். முடியாது என்றார். டாக்டர் பேரை எழுதிக்கொள்வார், வீட்டுக்கு ஆள் வரும், தெருவுக்குத் தெரியும். குஷ்டக்காரன் கை பட்ட வத்தலை எவன் வாங்குவான்? அது போகட்டும், சாத்தூரில் மாசமாக இருக்கிற பிள்ளையை அவர்கள் என்ன செய்வார்கள்? அவர் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. ஆனால் குதிகாலில் ஓட்டை. அதைச் சும்மா விட முடியாது. கடைசியில் ஊசி குத்திய புண்ணை மட்டும் காட்டுவது, மற்றதைப் பற்றி இரண்டு பேரும் மூச்சு விடுவதில்லை என்று பேசி முடித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு அதுதான்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டாக்டர் ராஜகுரு புதிதாக வந்திருந்தார். மதுரையில் படித்தவர். சின்ன வயசு, அதிகம் பேசாதவர். புண்ணைக் கழுவிக்கொண்டே முகத்தைப் பார்த்தார். உள்ளே கத்தரி விட்டு எதையோ எடுத்தபோதும் பார்த்தார். நாங்கள் பேசி வைத்திருந்த மாதிரி இவர் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் கொடுத்தார். ஆனால் டாக்டர் கத்தரியை வெளியே எடுத்து வைத்த பிறகு கொடுத்தார்.

"அண்ணாச்சி, படுத்துக் கண்ண மூடிக்கோங்க. பஞ்சால தொடுவேன். பட்டுச்சுன்னா 'பட்டுச்சு'ன்னு சொல்லுங்க, போதும்" என்றார் டாக்டர்.

இவர் கண்ணை மூடினார். டாக்டர் பஞ்சைத் திரித்து முதலில் நெற்றியில் வைத்தார். "பட்டுச்சு." கையில் வைத்தார். "பட்டுச்சு." கால் பெருவிரலில் வைத்தார். கொஞ்சம் தாமதித்து, "பட்டுச்சு" என்றார். புறங்காலில் வைத்தார். "பட்டுச்சு." என் வீட்டுக்காரர் வியாபாரி. துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசியவர். எதிராளியின் மூச்சை வைத்தே நேரம் பார்த்துச் சொன்னார். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

டாக்டர் பஞ்சை மேஜை மேல் வைத்துவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார்.

"பட்டுச்சு" என்றார் இவர்.

டாக்டர் கட்டிய கையை எடுக்கவில்லை.

"பட்டுச்சு" என்றார் மறுபடியும். கண்ணை இறுக்கி மூடியிருந்தார். கழுத்தில் வேர்த்திருந்தது. "இப்பவும் பட்டுச்சு."

யாருமே தொடாத காலை வைத்துக்கொண்டு அவர் அப்படிச் சொல்லிக்கொண்டே இருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. இரண்டு வருஷமாகக் கிட்டங்கியில் தனியாக உட்கார்ந்து காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருப்பாரே, அப்போதும் தனக்குத்தானே இப்படித்தான் சொல்லிக்கொண்டாரோ என்னவோ. முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டேன். அதையும் மீறிச் சத்தம் வந்துவிட்டது. அவர் கண்ணைத் திறந்தார். மேஜையில் பஞ்சைப் பார்த்தார். டாக்டரின் கட்டிய கையைப் பார்த்தார்.

"டாக்டரய்யா, பேர மட்டும் எழுதிராதீக. பொண்ணு மாசமா இருக்கா" என்றார்.

"என்ன பேரு? எதுக்கு எழுதணும்?" என்றார் டாக்டர்.

நான்தான் பெருவியாதி என்று சொன்னேன். பேசி முடித்த முடிவு அதோடு போனது. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை இவர் பொய் சொல்லவில்லை. பஞ்சு, குண்டூசி, சுடுதண்ணீர்க் குழாய், பச்சைத்தண்ணீர்க் குழாய் என்று ஒவ்வொன்றாக வந்தது. இரண்டு பல் வைத்த ஓர் இரும்புக் கம்பியைத் தட்டி, அது அதிரும்போதே நெஞ்செலும்பில் வைத்து, "இந்த நடுக்கம் தெரியுதுல்ல?" என்று கேட்டார். தெரிந்தது. பெருவிரலில் வைத்தார். கம்பி பாட்டுக்கு முனகியது. இவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. கணுக்காலில் இல்லை. முழங்காலுக்கு ஒரு சாண் கீழே வரும்போதுதான், "இருக்கு" என்றார். சொன்ன இடத்தில் டாக்டர் பேனாவால் கோடு போட்டார். மற்றக் காலிலும் அப்படியே பார்த்துக் கோடு போட்டார். இரண்டு கோடும் ஒரே உயரம்.

பிறகு சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகு, வயிறு, தொடை எல்லாம் வெளிச்சத்தில் பார்த்தார். காது மடலைப் பிடித்துப் பார்த்தார். முழங்கை எலும்புக்குப் பின்னால் விரலை விட்டு ஏதோ நரம்பை உருட்டிப் பார்த்தார்.

"குஷ்டம்னு எப்படி முடிவு பண்ணினீங்க?"

"கடைக்கு எதுத்தாப்புல செவுத்துல எழுதியிருக்குங்களே. உணர்ச்சியற்ற, தொழுநோயின் அறிகுறின்னு. தெனம் பாத்துக்கிட்டுத்தான உக்காந்திருக்கேன்."

டாக்டர் யோசித்தார். "உணர்ச்சியற்ற தேமல்னுல்ல எழுதியிருப்பாங்க? எல்லா ஊர்லயும் அப்படித்தான் இருக்கு. தேமல் எங்க உங்களுக்கு?"

"தேமலா? தேமல்னு ஒண்ணும் இல்லைங்களே."

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு குப்பியைக் கொடுத்து நீர் பிடித்துவரச் சொன்னார். நீல மருந்தில் அதைச் சொட்டுவிட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

"சர்க்கரை வியாதி. ரொம்ப நாளா இருந்திருக்கு. அதுதான் கால் நரம்பத் தின்னுருக்கு. குஷ்டம்னா அங்க ஒரு திட்டு, இங்க ஒரு திட்டுன்னு இருக்கும். நரம்பு தடிச்சிருக்கும். இது பாருங்க, ரெண்டு கால்லயும் சாக்ஸ் மாட்டினாப்புல ஒரே அளவு. இது ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டாது. தட்டுல ஒட்டாது, பாயில ஒட்டாது. யார வேணும்னாலும் தொடலாம்."

"சத்தியமாவா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். டாக்டரிடம் சத்தியம் கேட்ட ஆள் அருப்புக்கோட்டையில் இவராகத்தான் இருக்கும்.

மாத்திரை எழுதினார். சோறு, இனிப்பு எவ்வளவு என்று சொன்னார். வெறுங்காலோடு வாசலைக்கூடத் தாண்டக் கூடாது, தினமும் பாதத்தை யாராவது பார்க்க வேண்டும், இவராலே உணர முடியாது என்றார். உணர்ச்சி திரும்புமா என்று கேட்டேன். போனது திரும்புவது சந்தேகம், இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்றார்.

காலில் கட்டோடு அவர் மெதுவாக நடந்தார். நான் நேரே அந்தச் சுவரிடம் போனேன். அரிசி மில்லுச் சுவர். மேலே "உணர்ச்சியற்ற", கீழே "தொழுநோயின் அறிகுறி". நடுவில் மாரிச்சாமி தன் டீக்கடைக்காக அடித்திருந்த கலர் சோடாத் தகரம். தகரத்தைத் தூக்கு என்றேன். மாரிச்சாமி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பஜாரில் நான் சத்தம் போட்டு அவன் கேட்டதில்லை. அடி ஆணி இரண்டைக் கழற்றித் தூக்கிப் பிடித்தான். வெயில் படாததால் எழுத்து நேற்று எழுதின மாதிரி நீலமாக இருந்தது. தேமல்.

"இந்தத் தகரத்த அண்ணாச்சிதானே மதினி அடிச்சுக்கோன்னு சொன்னாரு. எதுத்தாப்புல வெறுஞ்செவுரா இருக்குன்னு" என்றான் மாரிச்சாமி.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பஜார் என்றுகூடப் பார்க்காமல் சிரித்துவிட்டேன். அவரும் கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருந்த வேகத்தில் அவருடைய சாமானை வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போகலாம் என்று கிட்டங்கிக்குள் நுழைந்தேன்.

இரண்டு வருஷமாக நான் அங்கே எட்டிப் பார்த்ததில்லை. மூட்டைகளுக்கு இடையில் ஒரு ஆள் படுக்கிற இடம். பாய், ஒரு தலையணை, கவிழ்த்து வைத்த ஒரு அலுமினியத் தட்டு, ஒரு தம்ளர், ஜன்னல் விளிம்பில் பாதி கரைந்த மருந்து சோப்பு. நெடி தொண்டையைப் பிடித்தது. இந்த நெடியில் ஒரு மனுஷன் எப்படித் தூங்கினான்? சிரிப்பு போய்விட்டது. கோபம்தான் வந்தது.

"ரெண்டு வருசம்! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீங்க! சொன்னா அண்ணன் வீட்டுக்கு ஓடிப்போயிருவேன்னு நெனச்சீகளா? அம்புட்டுத்தானா நான் ஒங்களுக்கு?"

அவர் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டார்.

"ஓட மாட்டேன்னு தெரியும். அதான் சொல்லல."

எனக்குப் புரியவில்லை.

"சொன்னா நீ என்ன செஞ்சிருப்ப? பாயத் தூக்கிக்கிட்டு எம்பின்னாலயே வந்து இங்க படுத்துருப்ப. ஒனக்கும் ஒட்டியிருக்கும். அப்புறம் சரசுக்குன்னு யாரு இருக்கா? நீயாச்சும் நல்லா இருக்கணும்னா நீயா என்னைய விட்டு வெலகணும்." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "நீ நரிக்குடி, நரிக்குடின்னு வாளியப் போட்டு ஒடைக்கிறன்னு சோலை வந்து சொன்னான். இல்லன்னு சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். சரி, இருக்கட்டும், வெறுத்துட்டான்னா அவளுக்கு லேசா இருக்கும்னு விட்டுட்டேன்."

நான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. அப்படியெல்லாம் இல்லை, உங்களை நான் வெறுக்கவில்லை என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். அவரும் அதற்காகத்தான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் வரவில்லை. அவர் எண்ணியது எண்ணியபடியே பலித்திருந்தது. இரண்டு வருஷமும் அவரை நான் மனசார வெறுத்திருந்தேன்.